பேட்டரி டெஸ்ட் பண்றப்ப புதுப் பசங்க பண்ற தப்புங்க

ஈரோட்டுல நம்ம பட்டறைக்கு வேலை கத்துக்க வர்ற பசங்களப் பாத்துட்டே இருக்கேனுங்க, வந்த புதுசுல ஒவ்வொருத்தனும் அதே தப்புலதான் போயி விழுகறான். பிளஸ் மைனஸ் மாத்தி வெக்கறதெல்லாம் நாலு நாள்ல தானா சரியாயிரும், அத விடுங்க. மீட்டர் நல்ல நம்பராத்தான் காட்டும் ஆனா அந்த நம்பரே பொய்யா இருக்கும், அந்த மாதிரி எடங்களத்தான் சொல்றேன்.

ஓடி வந்த வண்டில உடனே மீட்டர் வெக்கறது

கஸ்டமர் பெருந்துறைல இருந்து ஓட்டிட்டு வருவாரு, காத்தால செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்க தம்பிம்பாரு. பையன் பானெட்ட தொறந்து மீட்டர் வெப்பான், 12.8 காட்டும். பேட்டரி சூப்பரா இருக்குதுங்ண்ணா, செல்ஃப் மோட்டாரத்தான் பாக்கோணும்னு சொல்லிருவான். இதக் கேட்டா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுதுங்க.

வண்டி ஓடறப்ப ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கமா குடுத்துட்டே வருது. அப்ப பிளேட்ட ஒட்டி இருக்கற ஆசிட் மட்டும் கெட்டியாகும், மத்த ஆசிட்டோட கலக்கறதுக்கு நேரம் வேணும். மீட்டர்ல தெரியற வோல்டேஜு பிளேட்ட ஒட்டி இருக்கற ஆசிட்டப் பொறுத்ததுங்க, அதனால அரை உசுரு பேட்டரி கூட அந்த நேரத்துக்கு ஃபுல்லுன்னு காட்டும். சர்ஃபேஸ் சார்ஜுன்னு சொல்றது இதத்தான். சார்ஜர்ல இருந்து இப்பத்தான் கழட்டுன பேட்டரிக்கும் இதே கதைதான்.

கோபில இருந்து ஒரு பெரியவரு வந்தாரு, மஞ்சக் காடு வெச்சிருக்கறவரு. வேற ஒரு பட்டறைல ஓடி வந்த சூட்டோட மீட்டர் வெச்சுப் பாத்துட்டு செல்ஃப் மோட்டார மாத்தி ஏழாயிரத்துக்கு மேல வாங்கிட்டாங்க. அடுத்த வாரமே விடியறதுக்கு முன்னால பண்ணாரிக்கு கெளம்புனா வண்டி நின்ன எடத்துலயே நிக்குது. நம்மகிட்ட வந்தப்பவும் மொதல்ல 12.7தான் காட்டுச்சு. எஞ்சின் ஆஃப்ல ஹெட்லைட்ட ரெண்டு மூணு நிமிசம் எரிய விட்டு, ஆஃப் பண்ணி, சித்த நேரம் விட்டுப் பாத்தா 12.2, செல்ஃப் அடிச்சா 9க்கும் கீழ விழுகுது. முழுசா சார்ஜ் ஏத்தி லோடு போட்டும், அதாவது பெரிய கரண்ட்ட இழுத்துப் பாத்தும், வோல்டேஜ் நிக்கல. பிளேட்ல சல்ஃபேட் ஏறிப் போச்சுங்க. அவருக்கு மோட்டார் காசு தண்டம், அதுக்கு மேல பேட்டரி காசு வேற, நல்லா இருந்த பழைய மோட்டாரும் பழைய இரும்புக்குப் போயிருச்சு. மூணு நிமிசம் ஹெட்லைட் போட்டிருந்தா இது எதுவுமே நடந்திருக்காதுங்க.

எப்பவும் ராத்திரி பூரா நிறுத்தி வெச்சு, காத்தால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால பாக்கறதுதான் நம்பிக்கையான ரீடிங். பானெட்ட முந்துன நாள் பொழுதோடவே தொறந்து வெச்சுக்கோங்க, இல்லீன்னா காத்தால நீங்க ரிமோட்ட அமுக்கி கதவத் தொறந்ததுமே வண்டி முழிச்சுட்டு கரண்ட் இழுக்க ஆரம்பிச்சிரும்.

12 வோல்ட் பேட்டரில 12 இருந்தா போதும்னு நெனைக்கறது

போதாதுங்க. சாதா லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கறப்ப 12.6க்கு மேல இருந்தாத்தான் ஃபுல்லு, 12.4னா முக்காலு, 12.2னா பாதி, 12.0னா கால்வாசிதான்.

எறங்கிக் கெடக்கற பேட்டரிக்கு லோடு டெஸ்ட்

சார்ஜ் இல்லாத பேட்டரி எப்படியும் ஃபெயிலுதான் ஆகும், அத வெச்சு பேட்டரி போச்சுன்னு சொல்லி புதுசு விக்கறது பாவம். மொதல்ல சார்ஜ் ஏத்துங்க, ஹெட்லைட் போட்டு சர்ஃபேஸ் சார்ஜ எறக்குங்க, அப்பறம் சிசிஏல (குளிருல செல்ஃப் அடிக்க பேட்டரி குடுக்கற ஆம்பியர்) பாதி ஆம்பியர் லோடு 15 செகண்ட், 9.6 வோல்ட்டுக்கு கீழ போகக்கூடாது.

டிஜிட்டல் டெஸ்டர்ல ஆம்பியர் ஹவர அடிக்கறது

டெஸ்டர் கேக்கறது சிசிஏ, பேட்டரி எவ்வளவு சேத்து வெக்கும்னு சொல்ற ஆம்பியர் ஹவர் இல்ல. ஸ்டிக்கர்ல 38பி20எல்னு இருந்தா அந்த 38ஐ எடுத்து அடிக்கற பசங்களும் இருக்காங்க, அது சிசிஏவும் இல்ல ஆம்பியர் ஹவரும் இல்ல, அந்த பேட்டரியே இங்க 35 ஆம்பியர் ஹவர்னுதான் விக்குது. சின்ன நம்பர அடிச்சா செத்த பேட்டரி கூட பாஸ் ஆயிரும். சிசிஏவ அளக்கற ஸ்டாண்டர்டு எஸ்ஏஈயா, ஈஎன்னா, ஜிஸ்ஸா, பேட்டரில எது போட்டிருக்கோ டெஸ்டர்லயும் அதையே வெக்கோணும்.

கிளாம்ப் மேல மீட்டர் வெக்கறது

ஈய போஸ்ட் மேல வெய்யுங்க, போல்ட்டு மேல வேண்டாம். செல்ஃப் அடிக்கறப்ப போஸ்ட்லயும் வெச்சு கிளாம்ப்லயும் வெச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் நல்லா வித்தியாசம் இருந்தா நடுவுல உப்பு பூத்திருக்குன்னு அர்த்தம், சுத்தம் பண்ணாலே வண்டி எடுத்துக்கும்.

டிஸ்டில்டு வாட்டர் ஊத்துன கையோட ஹைட்ரோமீட்டர்

ஆசிட்டோட கெட்டிய அளக்கற அந்தக் கருவிய உடனே விடக்கூடாது. சார்ஜ் ஏறி தண்ணி கலந்தப்பறம் பாருங்க.

வெயில்ல பாஸ் ஆனத நம்பி மலையேத்தி விடறது

குளிருல பேட்டரியோட தள்ளற சக்தி கொறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி செல்ஃப் மோட்டாருக்கு பாரம் கூடும். மேட்டுப்பாளையத்துல மத்தியான வெயில்ல சுமாரா சுத்துன வண்டி ஊட்டில காத்தால சுத்தவே சுத்தாது. அதனால கஸ்டமர் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ குடும்பத்தோட போறேன்னு சொன்னா, லோடு டெஸ்ட்ல 9.6ஐ ஒட்டி நிக்கற பேட்டரிய பாஸ்னு சொல்லி அனுப்பாதீங்க, ரீடிங்க அவருகிட்டயே காட்டி வெவரத்தச் சொல்லிருங்க.