கலர் அட்டை கடைசியில்

போன வாரம் பெரம்பூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சரிசெய்யப் போகிறார்கள். சென்னையிலேயே தயாரான வண்டி. பார்த்ததும் மனசு நிறைந்தது. ஆனால் பையன் முதலில் நீட்டியது கலர் அட்டையை. 11 வருடத்துக்கு முன் எங்கள் ஹெரால்டைச் சரிசெய்தபோது நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம். பேட்டரி ஒயரைக் கழற்று, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே என்பதையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிட்டு, தவிர்க்க வேண்டிய மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

மாட்டிப் பார்க்காமல் பெயின்ட் அடிப்பது

பிரீமியர் பத்மினி காருக்குத் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. ஹெரால்டுக்கு உண்டு. அதன்மேல் பாடி துண்டு துண்டாக போல்ட்டில் உட்காருகிறது, கூரைகூடத் தனி. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே பேக்கிங் தகடுகள் இருக்கும். எந்த இடத்தில் ஒன்று, எந்த இடத்தில் இரண்டு என்பது வண்டிக்கு வண்டி மாறும். கதவுச் சந்து ஒழுங்காக இருப்பது அவற்றால்தான். நாங்கள் அத்தனையையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டோம்.

ஆயுத பூஜைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அந்த அவசரத்தில் சேஸிஸைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிங்கரிங் முடிந்த கையோடு, கதவு தனி, பாடி தனியாகவே பெயின்ட் ஏறியது. பூட்டினால் இடது கதவு மூடவில்லை. மேலே இடிக்கிறது, கீழே விரல் நுழைகிற சந்து. தகடுகளை மாற்றி மாற்றி வைத்ததில் ஓரமெல்லாம் பெயர்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, சேஸிஸின் பக்கவாட்டுத் தாங்கி ஒன்று துருவேறித் தொங்கியிருக்கிறது. அதை வெட்டி வெல்டு வைத்த சூட்டில் பக்கத்துப் பெயின்டும் போனது. மறுபடி பட்டி, பிரைமர், பெயின்ட், இன்னொரு முறை கூலி. “கதவு ஃபிட்டிங் என் வேலை இல்லை சார்” என்றார் பெயின்டர். இன்னும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

சேஸிஸ் வெல்டிங்கை முதலில் முடியுங்கள். பாடியை ஏற்றி, கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் புது ரப்பர் பீடிங்கோடு மூடிப் பாருங்கள். புது பீடிங்கின் தடிமனே கதவைத் தள்ளும். எல்லாம் சரியாக மூடிய பிறகு கழற்றிப் பெயின்டுக்கு அனுப்புங்கள்.

புதுப்பேட்டைக்கு வெறுங்கையோடு போவது

பழைய ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அங்கே போகும்போது, கழற்றிய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் இதேதான்.

இன்ஜினை மாற்றுவது

50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதிய 2021-இல் விதி வந்தது. வண்டி அசல் நிலையில், பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது என்பதையும் குடும்பத்தோடு முன்பே பேசிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை

பெயின்ட் வேண்டாம்.

பிள்ளைகளுக்குத் துடைக்கிற வேலை மட்டும் கொடுப்பது

இரண்டாவது முறை ஒவ்வொரு தகட்டையும் தனிக் கவரில் போட்டு, எந்த போல்ட்டுக்கு எத்தனை என்று நோட்டில் எழுதியது என் மகள். அப்போது அவளுக்கு 12 வயது. எப்படி எழுத வேண்டும் என்று காட்ட, அந்த நோட்டைத்தான் பெரம்பூர் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.