டிராக்டர் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டதா? டேங்க் முதல் நாசில் வரை சுத்தம் செய்யும் முறை

டீசலில் தண்ணீர் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தவுடனே செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு தடவை அடிச்சா எடுத்துக்கும்" என்று அடிக்க அடிக்க, டேங்கின் அடியில் கிடந்த தண்ணீர் ஃபில்டருக்குப் போகும், ஃபில்டர் நிறைந்தால் பம்புக்குப் போகும். தண்ணீர் டேங்கோடு நின்றால் அரைநாள் வேலை. பம்புக்குள் போய் ஊறிவிட்டால் பம்பைக் கழற்றிப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

காரணம் இதுதான். எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பில், பிளஞ்சரும் (உள்ளே ஓடும் தண்டு) பேரலும் (அதன் உறை) உரசும் இடத்துக்கு டீசலேதான் எண்ணெய். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அங்கே தண்ணீர் புகுந்தால் வழவழப்பு போய் உலோகத்தோடு உலோகம் உரசும். வண்டியை அப்படியே சில நாள் நிறுத்திவிட்டால் துருப்பிடித்து பிளஞ்சர் இறுகிவிடும். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனிதான் நாசில். அந்த முனையின் சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி விரிவதால் முனையும் சேதமாகலாம்.

கீழே சொல்வதெல்லாம் ஒன்று முதல் மூன்று சிலிண்டர் வரை உள்ள, சாதாரண மெக்கானிக்கல் பம்ப் வைத்த சிறிய டிராக்டருக்கு. காமன் ரெயில் எஞ்சின் (மின்னணுக் கட்டுப்பாட்டில், மிக அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் வகை) என்றால் டேங்கைக் காலி செய்வது, ஃபில்டர் மாற்றுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது.

தண்ணீர்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, வெள்ளைப் புகை, மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது), லோடு கொடுத்ததும் இழுவை குறைந்து நின்றுபோவது, சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடுவது ஆகியவை தண்ணீர் கலந்ததற்கான அடையாளங்கள். ஆனால் ஃபில்டர் அடைப்புக்கும் ஏர் லாக்குக்கும் (பைப்பில் காற்று சிக்குவது) இதே அடையாளங்கள்தான் வரும். அதனால் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

டேங்கின் அடி டிரெயின் பிளக்கிலிருந்தோ, ஃபில்டருக்கு முன்னால் உள்ள கண்ணாடிக் கிண்ணத்திலிருந்தோ அரை லிட்டர் டீசலை ஒரு நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. தனித் தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்டதுபோலப் பிரிந்து நிற்கும். கோடு எதுவும் இல்லாமல் டீசல் முழுதும் மோர் தெளித்தது போல மங்கலாக இருந்தால், தண்ணீர் நுண்துளிகளாகக் கலந்து மிதக்கிறது என்று அர்த்தம், இதுவும் ஆகாது. (கடுங்குளிரில் டீசலிலேயே உள்ள மெழுகு உறைந்தாலும் டீசல் மங்கும். பாட்டிலை வெதுவெதுப்பான அறையில் வைத்துத் தெளிகிறதா என்று பாருங்கள்.) தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பு வழுவழுப்பாக ஒரு படலம் தெரிந்தால் அது நுண்ணுயிர் வளர்ச்சி. அப்போது டேங்கின் உட்சுவரையும் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

புது ஃபில்டர், அதோடு வரும் ரப்பர் வளையங்கள், கழற்றும் போல்ட்டுகளுக்குப் புதுச் செம்பு வாஷர், 10 முதல் 19 வரை ஸ்பேனர்கள், டேங்க் கொள்ளளவுக்கு ஏற்ற மூடியுள்ள கேன்கள், டேங்கை அலச 3 லிட்டர் நல்ல டீசல், ஓட்டிப் பார்க்க இன்னும் 5 லிட்டர், நூல் பிரியாத துணி. நூல் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இழை நாசில் வரை போகும்.

வேலையைத் திறந்த வெளியில், சூடு ஆறிய எஞ்சினில் செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், கிரைண்டர் எதுவும் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

1. டேங்க்

டிரெயின் பிளக் இருக்கும் பக்கம் தாழ்வாக வரும்படி டிராக்டரைத் தள்ளி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அவசரம் இல்லையென்றால் ஓர் இரவு அப்படியே விடுங்கள். தண்ணீர் முழுதும் அடியில் வந்து சேரும். பிறகு பிளக்கைத் திறந்து டேங்கை முழுதாகக் காலி செய்யுங்கள். முதல் இரண்டு லிட்டரைத் தனிக் கேனில் பிடிக்கவும், தண்ணீரும் சேறும் பெரும்பாலும் அதில்தான் வரும்.

காலியான டேங்கில் ஒரு லிட்டர் நல்ல டீசலை ஊற்றி, அலசி, வடியவிடுங்கள். வடிவது தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். தண்ணீரால் கழுவக் கூடாது. வாயில் உள்ள வலையையும் டேங்க் டேப்பின் (டீசலைத் திறந்து மூடும் குழாய்) உள்வலையையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

2. கிண்ணமும் ஃபில்டரும்

கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, புது ரப்பர் வளையத்தோடு மாட்டுங்கள். வளையம் சற்று மடிந்து உட்கார்ந்தாலும் காற்று இழுக்கும். பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுத்து எடுத்து ஓய்ந்துபோவீர்கள்.

பேப்பர் ஃபில்டரைக் கழுவி மாட்டவே மாட்டாதீர்கள். தண்ணீர் பட்ட பேப்பர் உப்பி டீசலை மறிக்கும். பிறகு பிய்ந்து பம்புக்குள் போகும். இரண்டு ஃபில்டர் உள்ள வண்டியில் இரண்டையும் மாற்றுங்கள்.

3. பைப்புகள்

பலரும் விட்டுவிடும் கட்டம் இது. டேங்கும் ஃபில்டரும் சுத்தமான பிறகும் வண்டி மிஸ்ஸாகிறதென்றால் பைப்பில் நின்ற தண்ணீராக இருக்கலாம். பம்புக்குள் டீசல் நுழையும் பைப்பைக் கழற்றிக் கேனுக்குள் விடுங்கள். டேங்கில் 5 லிட்டர் நல்ல டீசல் ஊற்றி, ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளும் சிறு பம்ப்) கை லீவரை அடித்து, தெளிந்த டீசல் வரும் வரை அரை லிட்டராவது ஓடவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

ரிட்டர்ன் பைப்பையும் டேங்கிலிருந்து கழற்றிக் கேனுக்குள் விட்டு, டேங்கில் அந்தப் பைப் மாட்டியிருந்த துளையை அடைத்து வையுங்கள். பம்பிலும் இன்ஜெக்டரிலும் மிச்சமிருக்கும் தண்ணீர் அந்த வழியாகவும் வெளியே வரும். அதை டேங்குக்கே திருப்பி அனுப்பினால் செய்த வேலை வீண்.

4. ஸ்டாப் லீவரைச் சோதியுங்கள்

ஏர் எடுப்பதற்கு முன் ஸ்டாப் லீவரையும் ஆக்சிலேட்டர் லீவரையும் கையால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் தடையின்றிப் போய்வர வேண்டும். பம்புக்குள் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) துருப்பிடித்து முழு டீசல் நிலையில் இறுகியிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ஸ்டாப் லீவரும் வேலை செய்யாது. லீவர் இறுகியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், பம்பைப் பட்டறைக்கு அனுப்புங்கள். எதற்கும் ஏர் கிளீனர் வாயை மூட ஒரு பலகையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஏர் எடுத்தல்

எப்போதும் டேங்க் பக்கமிருந்து நாசில் பக்கமாகப் போக வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்தி, கை லீவரை அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும், லீவரை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டருக்கும் பம்பின் ஏர் ஸ்க்ரூவுக்கும் இதையே செய்யுங்கள்.

வெளியே வழிந்த டீசலைத் துடைத்துவிட்டு பேட்டரி ஒயரை மாட்டுங்கள். கியர் நியூட்ரலில், ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில், ஆக்சிலேட்டர் பாதியில் இருக்கட்டும். இன்ஜெக்டர் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, துணியால் மூடி, 10 நொடி செல்ஃப் அடியுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். தொடர்ந்து அடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் எரியும். நட்டில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்த இடத்தில் கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு புள்ளி அளவு காயமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பம்பின் ஏர் ஸ்க்ரூ வரை டீசல் நன்றாக வந்து, இன்ஜெக்டர் நட்டில் மட்டும் வரவில்லையா? ஆக்சிலேட்டரும் ஸ்டாப் லீவரும் சரியான நிலையில்தான் இருக்கின்றன என்றால், பிளஞ்சர் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். பம்பை வீட்டில் பிரிக்காதீர்கள்.

6. ஓட்டிப் பார்த்தல்

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைக் குறைத்து, 15 நிமிடம் ஐடிலில் ஓடட்டும். ஆரம்பத்தில் சிறிது வெள்ளைப் புகை வருவது இயல்பு. ரிட்டர்ன் கேனில் ஒரு லிட்டர் அளவு சேர்ந்ததும் நிறுத்திப் பாருங்கள். அடியில் தண்ணீர் இல்லை என்றால் ரிட்டர்ன் பைப்பை டேங்கில் மாட்டலாம். அடுத்து ஒரு மணி நேரம் இலேசான வேலை கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தை மறுபடி பாருங்கள். தண்ணீர் அதிகமாகக் கலந்திருந்த வண்டிக்கு 10 முதல் 20 மணி நேரத்தில் ஃபில்டரை இன்னொரு முறை மாற்றுவது நல்லது. பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பெட்ரோல், ஸ்பிரிட் ஊற்றினால் தண்ணீர் போய்விடும் என்ற யோசனையை ஏற்காதீர்கள். பெட்ரோல் சேர்ந்த டீசல் எளிதில் தீப்பிடிக்கும். பெட்ரோல், ஸ்பிரிட் இரண்டுமே பம்புக்குத் தேவையான வழவழப்பைக் கெடுக்கும்.

வடித்த டீசலை இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே உள்ள பளிச்சென்ற பகுதியை மட்டும் வடிகட்டிப் பயன்படுத்தலாம். அடிப்பகுதியையும் மங்கலானதையும் மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், கழிவு எண்ணெய் சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த மாதம் இதே வேலை திரும்பி வரும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, வண்டி கழுவும்போது தண்ணீரை மூடிமேல் பீய்ச்சுகிறீர்களா என்று பாருங்கள். அரை டேங்கோடு இரவில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து சுவரில் துளிர்க்கும்; மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் அதற்கு இடமில்லை. நின்ற வாக்கில் வைத்த டீசல் டிரம்மின் தலையில் மழைநீர் தேங்கினால், மூடி இறுக்கமாக இருந்தாலும் இரவுக் குளிரில் டிரம் அந்த நீரை மெல்ல உள்ளே உறிஞ்சும். டிரம்மைக் கூரைக்கடியில் வையுங்கள். டீசல் இறைக்கும் குழாயின் நுனி டிரம்மின் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும்.