இழுவை டிரக்கின் பின்பக்கத்தைத் தூக்குவதற்கு முன்

போன சனிக்கிழமை இந்தியானாவில் ஒரு கவுண்டி திருவிழா, டிரக் இழுவைப் போட்டி. ஸ்லெட்டை, அதாவது எடைப்பெட்டி ஏற்றிய சறுக்கு வண்டியை, இழுக்க வரிசையில் நின்ற ஒரு பிக்கப்பின் அடியில் குனிந்து பார்த்தேன். பின் ஷாக்கிள் (கமான் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தொங்கு தகடு) இரண்டும் பளபளவென்று புதுசு, நீளம் பழசைப்போல் இரண்டு மடங்கு. பினியன் கோணம், அதாவது ஆக்ஸிலுக்குள் விசை நுழையும் தண்டின் சாய்வு, பார்த்தாயா என்று வண்டிக்காரப் பையனிடம் கேட்டேன். ஸ்லெட் சங்கிலி மாட்டும் கொக்கி சரியாக 26 அங்குல உயரம் வந்துவிட்டது என்றான். அதே கேள்விக்கு ஒரு காலத்தில் நான் சொன்ன அதே பதில்.

பின்பக்கத்தைத் தூக்கும்போது நாங்கள் செய்யும் தப்புகள் இவை. டயர் காற்றைக் குறைத்தபின் உயரத்தை அளக்க மறப்பது போன்ற சின்னத் தப்புகளை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானே புத்தி வரும்.

நின்ற வண்டியை மட்டும் அளப்பது

எங்கள் போட்டி வகுப்பில் கொக்கி 26 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கொக்கியிலிருந்து சங்கிலி ஸ்லெட்டை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவுதான் பின் டயரை மண்ணில் அழுத்துகிறது. வண்டி நகர நகர ஸ்லெட்டின் எடைப்பெட்டி முன்னால் ஏறிவரும், சுமை கூடும், கமான் பட்டை அமுங்கும். பின்பக்கம் 3 அங்குலம் உட்கார்ந்தால் நீங்கள் இழுப்பது 23 அங்குலத்தில்.

பின்பக்கம் அமுங்காமல் இருக்க, விதி அனுமதித்தால் சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே தடுப்புக் கட்டை வையுங்கள். வண்டி முழு எடையோடு சமதரையில் நிற்கும்போது இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும். நான் மடித்த அட்டைத் துண்டைச் செருகிப் பார்ப்பேன். ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் விரல் நுழைந்தால் வண்டி பாதி வழியில் ஓரம் கட்டும்.

நீள ஷாக்கிள்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

என்னுடையது 1996 டாட்ஜ் ராம், 5.9 லிட்டர் கம்மின்ஸ். கொக்கி 2 அங்குலம் தாழ்வாக இருந்தது. நீள ஷாக்கிள் போட்டேன், மாலைக்குள் வேலை முடிந்தது. பட்டையின் பின்முனை சேஸிஸிலிருந்து கீழே இறங்கினால் ஆக்ஸிலும் கூடவே சாயும், பினியனின் மூக்கு மேலே தூக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. இழுக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் ஆக்ஸில் கூடு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அப்போதும் மூக்கு மேலேதான் போகும். நான் ஏற்கெனவே தூக்கிவைத்ததை எஞ்சின் இன்னும் தூக்கியது.

சுமார் 180 அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். டிரைவ் ஷாஃப்டைப் பினியனோடு சேர்க்கும் மூட்டு, யூனிவர்சல் ஜாயின்ட், அளவுக்கு மீறி மடங்கியிருந்தது. அதன் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் சுழன்று அடித்தது. பாதுகாப்பு வளையம் இருந்ததால் அது கேபினுக்குள் வரவில்லை. முன்-பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வால்பகுதி மட்டும் பிளந்துவிட்டது. அந்தக் குளிர்காலச் சேமிப்பு முழுக்க அதற்கே போனது. என் காந்தக் கோணமானி அப்போது டூல் பெட்டியில், உறை பிரிக்காமல் கிடந்தது.

வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டு அளக்காதீர்கள். நான்கு சக்கரமும் தரையில், முன் எடைகள் மாட்டியபடி இருக்கவேண்டும். முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஷாஃப்ட் மாட்டும் முகத்தில் கோணமானியை வையுங்கள், பிறகு பினியன் யோக்கில், அதாவது பினியனில் ஷாஃப்டைப் பிடிக்கும் கவையில். இரண்டும் இணையாக இருப்பதைவிட மூக்கு சற்றுக் கீழே பார்க்கவேண்டும். ஆக்ஸில் முறுகாமல் பிடிக்கும் டிராக்ஷன் பார் இருந்தால் நான் 2 டிகிரி வைப்பேன், வெறும் பட்டை என்றால் 5 வரை. மீதியை முறுக்கமே நிமிர்த்திக்கொள்ளும். கோணம் தப்பினால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு போட்டுத் திருத்தலாம்.

ஆனால் முதல் கேள்வி வேறு. வேண்டியது கொக்கி உயரம்தானே? விதி விட்டால் கொக்கித் தட்டை மேலே ஏற்றுங்கள். வண்டியை எதற்குத் தூக்குகிறீர்கள்?

கட்டைமேல் கட்டை

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு கட்டைமேல் இன்னொன்றை அடுக்கித் தூக்குவதா? வேண்டாம்.

பழைய யு போல்ட்

பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் போல்ட் இது. ஒருமுறை இறுக்கிக் கழற்றியது இரும்புக் கடைக்கு. புதிதைப் போட்டாலும் முதல் இழுப்பு முடிந்ததும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

அந்தப் பையனிடம் கோணமானியைக் கொடுத்தேன். மூக்கு 4 டிகிரி மேலே. முகம் வாடிவிட்டது. நல்லவேளை, பழைய ஷாக்கிள் அவன் டிரெய்லரிலேயே கிடந்தது. இரண்டு பேருமாகப் படுத்து மாற்றிக் கட்ட முக்கால் மணி நேரம். தட்டை ஒரு துளை ஏற்றினோம், 25 அங்குலம் வந்தது. தடத்தின் முழு 300 அடி போகவில்லை, 240-ஐ ஒட்டி நின்றது. ஆனால் வண்டியை அவனே டிரெய்லர்வரை ஓட்டிக்கொண்டு போனான்.