60 பேர் வகுப்பில் கடைசி பெஞ்சும் வாய் திறக்க: செல்போனில் ஒரு வாக்கெடுப்பு

60 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், முன் பெஞ்சிலிருந்து நாலு குரல் "புரிஞ்சுதுங்க சார்" என்று வரும். மீதி 56 பேர் மனசில் என்ன ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கச் செல்போன் நல்ல கருவி. எந்த ஆப் என்பது இரண்டாம்பட்சம்தான். கேள்வி சப்பென்று இருந்தால் எந்த ஆப்பும் காப்பாற்றாது.

இங்கே சொல்லும் முறையை ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார். அப்போது ஸ்மார்ட்போனே கிடையாது. ஒரு கேள்வி, தனியாக ஒரு வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடியும் ஒரு வாக்கு. அவ்வளவுதான்.

முதலில் கேள்வி. வரையறை கேட்காதீர்கள், கூகுளில் ஐந்து நொடியில் கிடைத்துவிடும். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் தெரியாத மாணவர் குறைவு, அதையே எடுத்துக்கொள்வோம்: "சென்ட்ரிஃபியூகல் பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அது எடுக்கும் பவர் எவ்வளவு ஆகும்? அ) மாறாது, ஆ) பாதி, இ) கால்பங்கு, ஈ) எட்டில் ஒன்று." பம்பின் வேகம் மாறினால் மற்றவை எப்படி மாறும் என்று சொல்லும் அஃபினிட்டி விதிப்படி தண்ணீரின் அளவு வேகத்தோடு நேராகவும், ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்) வேகத்தின் இருமடியாகவும் (வர்க்கம்), பவர் மும்மடியாகவும் (கனம்) மாறும். ஆகவே விடை ஈ. 'ஆ' சொன்னவர் தண்ணீரையும் பவரையும் ஒன்றாக நினைக்கிறார். 'இ' சொன்னவர் ஹெட் விதியைப் பவருக்குப் போட்டுவிட்டார். இப்படி ஒவ்வொரு தப்பான விடைக்கும் பின்னால் ஒரு நிஜக் குழப்பம் இருக்க வேண்டும். ஒப்புக்குப் போட்ட விடையை ஒருவரும் தொடமாட்டார்கள்.

பொள்ளாச்சித் தோப்பிலிருந்து வரும் ஒரு மாணவர், "ஏனுங்க சார், 300 அடி போர்ல பாதி வேகத்துல ஓட்டுனா தண்ணி மேல வருமாங்க?" என்று கேட்கலாம். அதை அமுக்கிவிடாதீர்கள். அதிகபட்சம் 400 அடி தள்ளும் பம்ப் பாதி வேகத்தில் 100 அடிதான் தள்ளும், தண்ணீர் வராது. மேலே தூக்க வேண்டிய உயரம் இருக்கும் இடத்தில் மும்மடி விதி அப்படியே செல்லாது. அடுத்த வகுப்பின் கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது.

வாக்கெடுக்க கூகுள் ஃபார்ம்ஸ் போதும். இரண்டே கட்டம்: ரோல் நம்பர், விடை. ரோல் நம்பரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுனாக வையுங்கள்; இல்லையென்றால் ஒரே நம்பரைப் பத்து விதமாக எழுதுவார்கள். க்விஸ் அமைப்பு வேண்டாம். மதிப்பெண்ணை உடனே வெளியிடும்படி இருந்தால், அனுப்பியதுமே சரியான விடை தெரிந்துவிடும். முடிவுச் சுருக்கத்தை மாணவர்களுக்குக் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஃபார்மை ஒரு நகல் எடுத்து, இரண்டாம் வாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். க்யூஆர் கோடை குரோம் பிரௌசரிலேயே உருவாக்கலாம். கடைசி பெஞ்ச் 8 மீட்டர் தள்ளி இருந்தால், திரையில் க்யூஆர் கோட் 80 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு.

வகுப்பில் நடப்பது இது. ஒன்றரை நிமிடம் பேசாமல் யோசித்து வாக்களிக்கட்டும். உடனே ஃபார்மை மூடிவிட்டு, எண்ணிக்கையை நீங்கள் மட்டும் பாருங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஆர்வத்தில் வரைபடத்தைத் திரையில் போட்டுவிடுவார்கள். அதில் பெரிதாகத் தெரிவது எதுவோ அதுதான் விடை என்று எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பேச ஒன்றுமே மிஞ்சாது.

60 பேரில் சரியாகச் சொன்னவர்கள் 18க்குக் கீழே என்றால் விவாதம் வீண், குருடர் குருடருக்கு வழி காட்டுவதுபோல் ஆகும். பாடத்தை வேறு விதமாக மறுபடி நடத்துங்கள். 42க்கு மேலே என்றால் ஒரு நிமிடம் விளக்கிவிட்டுத் தாண்டலாம். நடுவில் இருந்தால்தான் ஜாக்பாட். "உங்களோட விடை ஒத்துப்போகாத ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு ஒத்துக்க வையுங்க" என்று மூன்று நிமிடம் விடுங்கள். ஆங்கில வழி வகுப்பாக இருந்தாலும் இந்த மூன்று நிமிடம் தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரியின் வாயைக் கட்டுவது பெரும்பாலும் பாடமல்ல, ஆங்கிலம்தான். பிறகு இரண்டாம் வாக்கு. அதன்பின் வரைபடத்தைக் காட்டி விளக்கம். ஒரு கேள்விக்கு எப்படியும் 8 முதல் 10 நிமிடம் பிடிக்கும். 50 நிமிட பீரியடில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

சரியான விடைக்கு மதிப்பெண் வைத்தால் நன்றாகப் படிப்பவரின் போனை எட்டிப் பார்த்து அடிப்பார்கள். கலந்துகொண்டதற்கு மட்டும் சின்ன மதிப்பெண் போதும்.

60 போனும் ஒரே வைஃபை பெட்டியில் தொங்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும். மொபைல் டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள், ஃபார்மில் கனமான படங்கள் வேண்டாம். சிக்னலே கிடைக்காத கட்டடமா? பிளிக்கர்ஸ் (Plickers) என்ற ஆப் இருக்கிறது. மாணவர் கையில் அச்சடித்த அட்டை. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்பதுதான் விடை. இணையம் உள்ள ஆசிரியர் போன் ஒன்றே எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும். அட்டைக்குப் பளபள லேமினேஷன் போட்டால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது.

வகுப்பு முடிந்ததும் ஃபார்மோடு இணைத்த கூகுள் ஷீட்டைத் திறந்து, தொடர்ந்து மூன்று வகுப்பு வாக்களிக்காத ரோல் நம்பர்களைப் பாருங்கள். வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம், டிஸ்பிளே உடைந்திருக்கலாம், திருப்பூரில் பனியன் கம்பெனி நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்தவராகவும் இருக்கலாம். போன்தான் தடை என்றால், ரோல் நம்பரும் விடையும் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கி நீங்களே ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.