கிரேஸ் சரக்கு எடுக்கும் முன்

பெங்களூரு அல்சூரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பிள்ளைகள் ஓயாமல் கேட்கிற பொருள் கிரேஸா (திடீரென்று பித்துப் பிடித்துச் சட்டென்று அடங்குவது), டிரெண்டா (ரசனை நின்று நிதானமாகப் போகிற போக்கு) என்று பிரித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் சொற்களிலேயே இருக்கிறது.

கிரேஸ் என்றால் இடைக்கால ஆங்கிலத்தில் நொறுக்குவது, விரிசல் விடுவது. பீங்கான் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் மேல்பூச்சில் மயிரிழையாக விரிசல் ஓடுமே, அதற்கு இன்றும் கிரேஸிங் என்றுதான் பெயர். புத்தி கலங்குவது, ஊரே ஒன்றின் மேல் பித்தாக அலைவது என்கிற பொருளெல்லாம் பிறகு வந்தவை. டிரெண்ட் வேறு. அந்தச் சொல்லுக்கு முதலில் உருள்வது, திரும்புவது என்று பொருள் இருந்தது. அப்புறம் கடற்கரை எந்தப் பக்கமாகப் போகிறது என்று சொல்ல வந்தது.

2017இல் பரவிய, விரலில் வைத்துச் சுற்றுகிற ஃபிட்ஜெட் ஸ்பின்னர் கிரேஸ். அந்த மாதிரிச் சரக்கை மாமூல்பேட்டை மொத்தக் கடைகளில் ஒரு டஜனுக்கு மேல் எடுக்காதீர்கள். விற்ற காசில் அடுத்த டஜன். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று இழுப்பார்கள், அசையாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் கல்லா முன்னால் கண்ணில் படத் தொங்கவிடுங்கள். கேட்பது குறைந்த அன்றே விலையைக் குறைத்துத் தள்ளிவிடுங்கள். ஆக்ஸிடைஸ்டு ஜிமிக்கி அப்படியில்லை, அது டிரெண்ட், தைரியமாக அடுக்கலாம்.