சாயங்காலம் ஆறு மணி முதல் பத்து மணி வரை

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. மன உறுதியெல்லாம் எனக்குக் கிடையாது, இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன். போகிற வழியையும் பழகுகிற ஆட்களையும் மாற்றினேன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்று. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். பகலில் மெஷின் முன்னால் நிற்பதால் பயமில்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்த பிறகு வரும் அந்த நாலு மணி நேரம்தான் கண்டம். கடை இருக்கும் தெரு வழியாகப் போனால் வீட்டுக்குப் பத்து நிமிடம், நான் இருபது நிமிடம் சுற்றிப் போகிறேன். பெட்ரோல் கூடத்தான் ஆகிறது, குவார்ட்டர் விலைக்கு அது ஒரு காசா? கிளம்பும் முன் இரண்டு போண்டாவாவது தின்றுவிடுவேன். வயிறு காலியாக இருந்தால் வண்டி தானாகத் திரும்பும்.

சனிக்கிழமை சம்பளம். பட்டறை வாசலிலேயே "மாப்ள, கட்டிங் போடலாமா?" என்று ஆரம்பித்துவிடும். 180 மில்லி குவார்ட்டரை இரண்டு பேர் பாதிப் பாதியாகக் குடிப்பதுதான் கட்டிங். கையில் பாதிக் காசு இருந்தால் போதும், மீதிக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் கடை வாசலில் நின்ற முகம் தெரியாதவரோடுகூடப் பங்கு போட்டிருக்கிறேன். இப்போது சம்பளத்தை வீட்டுக்காரி கணக்குக்கே போட்டுவிடச் சொல்லிவிட்டேன். முதலாளி சிரித்தார், சிரிக்கட்டும்.

என் கட்டிங் கூட்டாளி பக்கத்து மெஷின்காரன். தங்கமான பையன், விட முடியாது. "சாயங்காலம் கூப்பிடாதே, காலையில் டீ நான் வாங்கித் தருகிறேன்" என்று நேராகவே சொன்னேன். உடம்பு சரியில்லை என்று நழுவினால் மாட்டிக்கொள்வீர்கள், அடுத்த வாரம் "உடம்பு தேவலையா?" என்று வந்து நிற்பார்கள்.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறேன். 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் இல்லை, ஊர் பேர் கேட்பதில்லை. என்னைப் போல் கெட்டுப்போனவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், அவர்களிடம் பொய் சொல்ல முடியாது.

கல்யாண வீட்டில் நேராகப் பந்திக்குப் போய் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொள்வேன். வாளி பிடித்திருப்பவனை மண்டபத்துக்குப் பின்னால் யாரும் கூப்பிடுவதில்லை. கோயில் டூருக்குப் போனால் பெண்கள் இருக்கும் வேன்தான்.

எழவு வீடுதான் இன்னும் பிடிபடவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, சுடுகாட்டுக்குப் போகாமல் திரும்பிவிடுகிறேன். அதில் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை.