நடைபாதையும் வேண்டும், தள்ளுவண்டியும் வேண்டும்: ஆக்கிரமிப்புப் புகார் எழுதும் முறை

நடக்க இடமில்லை என்று மாநகராட்சிக்கு மனு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் "ஆக்கிரமிப்புகளை உடனே அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்கி, அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எழுதினேன். மனு கொடுத்த மூன்றாம் நாள் காலையில் ஒரு லாரி வந்து, தெருமுனையில் இட்லி விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் தள்ளுவண்டியைப் பாத்திரங்களோடு ஏற்றிக்கொண்டு போனது. அதே நடைபாதையில் நான்கு அடிக்குப் படி கட்டி, அதற்கு மேல் தகரக் கூரையும் இறக்கியிருந்த கடையை யாரும் தொடவில்லை. வண்டி நின்ற இடத்தில் அடுத்த வாரமே இரு சக்கர வாகனங்கள் வரிசை கட்டி நின்றன; முதியவர்கள் முன்பு போலவே சாலையில் இறங்கித்தான் நடந்தார்கள்.

அந்த மனுவில் நான் கேட்டது அகற்றுவதைத்தானே தவிர, நடப்பதற்கான வழியை அல்ல. அகற்றச் சொன்னால் எது எளிதில் அகலுமோ அதைத்தான் அகற்றுவார்கள். சக்கரம் உள்ளது எளிதில் நகரும், சிமென்ட் நகராது. புகார் கொடுப்பது குடிமக்களின் கடமை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடமையைச் செய்யும்போது ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்காமலும், சட்டத்தை விட்டு விலகாமலும் எப்படி எழுதுவது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். சென்னையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அடிப்படையான சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் மதுரைக்கும் திருப்பூருக்கும் இது பெருமளவு பொருந்தும்.

முதலில் அளவு நாடா

மனு எழுதுவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நடைபாதையின் முழு நீளத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைகளுக்கென வகுத்துள்ள ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுதலின்படி, நடப்பதற்கென்று தடையில்லாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறு அடி. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடந்துபோக அந்த அகலம் தேவை. உங்கள் தெருவில் அது எங்கெங்கே குறைகிறது, எதனால் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பதில்தான் நேர்மை வேண்டும். நடைபாதையை அடைப்பவை நான்கு வகை. கடைகளும் வீடுகளும் கட்டிய படிகள், வாகனம் ஏற்றுவதற்கான சாய்தளங்கள், ஜெனரேட்டர்கள், பெயர்ப்பலகைகள் ஆகியவை ஒரு வகை. நிறுத்தி வைக்கப்பட்ட வாகனங்கள் இன்னொரு வகை. மின் இணைப்புப் பெட்டி, உடைந்த சிமென்ட் பலகை, வாரக்கணக்கில் அள்ளப்படாத கட்டடக் கழிவு என அரசுத் துறைகளே விட்டுவைத்தவை மூன்றாவது வகை. தள்ளுவண்டிகளும் தரைக்கடைகளும் நான்காவது. இந்த நான்கையும் தனித்தனியாக அளந்து எழுதிய பிறகு, நான் ஆக்கிரமிப்பு என்று எண்ணிக் கோபப்பட்டதில் பெரும்பகுதி முதல் இரண்டு வகைகளைச் சேர்ந்தது என்பது எனக்கே புலப்பட்டது. அதிலும் எங்கள் குடியிருப்பின் சாய்தளமே இரண்டரை அடி நீண்டிருந்தது.

நேரத்தையும் குறியுங்கள். காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை நிற்கும் சிற்றுண்டி வண்டியும், நாள் முழுவதும் அசையாமல் கிடக்கும் இரும்புப் பெட்டியும் ஒன்றல்ல. புகைப்படம் எடுக்கும்போது வியாபாரிகளின் முகம் தெரியாமல் எடுப்பது நல்லது. உங்களுக்குத் தேவை அகலத்தின் சான்றுதான்.

அடுத்து அவர்களிடம் பேசுங்கள். கையில் தாளும் பேனாவுமாக அதிகாரி போலப் போய் நின்றால் எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கீரை வாங்கும்போது கேளுங்கள்: எத்தனை வருடமாக இங்கே போடுகிறீர்கள், கணக்கெடுக்க யாராவது வந்தார்களா, அடையாள அட்டை கொடுத்தார்களா, நான்கு அடி தள்ளிப் போட்டால் வியாபாரம் குறையுமா. கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே பாதித் தீர்வு இருக்கும்.

சட்டம் யார் பக்கம்

நடைபாதை வியாபாரம் என்றாலே சட்டவிரோதம் என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. 1989 இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பின் 19(1)(எ) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்றது. அதே தீர்ப்பில், குறிப்பிட்ட ஓரிடம் தனக்கே நிரந்தரமாக உரியது என்று எந்த வியாபாரியும் கோர முடியாது என்றும், நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் சொன்னது. வியாபாரிக்கு உரிமை உண்டு, இடத்தின் மேல் பட்டா இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வரும் சண்டைகளில் பாதி அடங்கும்.

இந்த நிலையை விரித்து விதிகளாக்கியது 2014 ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். உள்ளாட்சி அமைப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து, எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கும் வரை ஒருவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது என்று அதன் 3 ஆவது பிரிவு கூறுகிறது. ஒரு வார்டிலோ நகரத்திலோ மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும். வியாபாரம் கூடாத பகுதி என்று ஓரிடத்தை அறிவிக்கவும் வழி உண்டு. ஆனால் ஏற்கெனவே இயல்பாகக் கூடிவரும் சந்தையை அப்படி அறிவிக்க முடியாது. கூட்டம் அதிகம் என்ற காரணம் மட்டும் அதற்குப் போதாது. இடத்தைக் காலி செய்ய வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

வியாபாரிகளுக்கும் இச்சட்டம் கடமைகளை விதிக்கிறது. சான்றிதழ் இல்லாமலோ அதன் நிபந்தனைகளை மீறியோ விற்றால் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. விற்கும் இடத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். ஆகவே "ஏழைகள்தானே, விட்டுவிடுங்கள்" என்று சொல்லி விதியைத் தளர்த்தக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. விதியை முழுவதுமாக நடைமுறைப்படுத்தச் சொன்னாலே அதற்குள் இரக்கமும் அடங்கிவிடுகிறது. நடைமுறையில் விதியைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அகற்றும் அதிகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, கணக்கெடுக்கும் கடமை மறந்துபோகிறது.

பொருள்களைப் பறிமுதல் செய்தால் அவற்றின் பட்டியலைத் தயாரித்து, பறிமுதல் செய்தவர் கையொப்பமிட்டு வியாபாரியிடம் தர வேண்டும். அவர் உரிய கட்டணம் செலுத்தித் திரும்பக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே கொடுத்தாக வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அந்த இட்லி வண்டிக்காரம்மாவிடம் எந்தத் தாளும் தரப்படவில்லை. அன்று எனக்கு இந்தப் பிரிவு தெரிந்திருந்தால் அங்கேயே நின்று பட்டியலைக் கேட்டிருப்பேன்.

மனுவில் என்ன எழுதுவது

மனுவை ஆணையருக்கு முகவரியிட்டு, மண்டல அலுவலருக்கும் வார்டு உதவிப் பொறியாளருக்கும் நகல் அனுப்புங்கள்; கவுன்சிலரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணிலும் நம்ம சென்னை செயலியிலும் புகார் பதியலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு முதல்வரின் 1100 உதவி எண் உண்டு. ஆனால் செயலியில் ஒரு படமும் ஒரு வரியும்தான் போகும். அந்த ஒரு வரி பெரும்பாலும் "அகற்றுக" என்றாகிவிடும். எனவே உடைந்த பலகை, கட்டடக் கழிவு போன்றவற்றுக்குச் செயலியைப் பயன்படுத்துங்கள். மனிதர்கள் சம்பந்தப்பட்டதற்குத் தாளில் எழுதி, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கோரிக்கைப் பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"மேற்படி தெருவில் இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை நடைபாதையில் 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கிடைக்கச் செய்யவேண்டும். இணைப்பில் கண்ட நிரந்தரக் கட்டுமானங்களை உரிய அறிவிப்புக்குப் பின் அகற்றவும், வாகனங்கள் நிறுத்துவதைத் தடுக்கவும் வேண்டும். தெரு வியாபாரிகளைப் பொறுத்தவரை, 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணக்கெடுப்பும் சான்றிதழ் வழங்கலும் முடிந்துள்ளனவா என்பதைத் தெரிவித்து, அவர்களுக்கான இடத்தையும் நேரத்தையும் நகர விற்பனைக் குழுவின் வழியாகக் குறித்துத் தரவேண்டும். இம்மனுவை வியாபாரிகளை அப்புறப்படுத்துவதற்கான கோரிக்கையாகக் கொள்ளவேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "பொதுமக்கள் புகார் கொடுத்தார்கள்" என்று சொல்லி வண்டியைத் தூக்குபவர்களுக்கு உங்கள் மனு சான்றாகிவிடாமல் தடுப்பது அந்த ஒரு வரிதான்.

உங்கள் கட்டடத்தின் சாய்தளமும் நீண்டிருந்தால் அதையும் இணைப்பில் சேருங்கள். எங்கள் சங்கத்தில் இதற்கு இரண்டு கூட்டங்கள் பிடித்தன. "நம்மை நாமே காட்டிக்கொடுப்பதா" என்று ஒரு பெரியவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எனினும் முதலில் எங்கள் சாய்தளத்தை வெட்டிவிட்டுப் போய்க் கேட்டபோது, எதிர்க்கடைக்காரரால் மறுத்துப் பேச முடியவில்லை.

குழுவும் கூட்டமும்

நகர விற்பனைக் குழு என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆணையர் தலைமையில் இயங்கும் இக்குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். போக்குவரத்துக் காவல், திட்டமிடல் அமைப்பு ஆகியவற்றோடு குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. நடப்பவரும் விற்பவரும் ஒரே மேசையில் உட்காரச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கும்போது, இருவரும் தனித்தனியாக அதிகாரியின் அறைவாசலில் காத்திருக்கிறோம். உங்கள் ஊரில் இக்குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானித்தது என்று கேட்பது மிகப் பயனுள்ள கேள்வி.

தமிழகத்தின் நகர்ப்புறங்களில் 2022 முதல் நடந்துவரும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதை எழுப்பலாம். போகும்போது வியாபாரிகளில் இருவரை அழைத்துப் போங்கள். அவர்கள் இல்லாத கூட்டத்தில் அவர்களைப் பற்றித் தீர்மானம் போடுவது சட்டப்படியும் சரியல்ல, நடைமுறையிலும் நிற்காது.

பேச்சினிடையே மாமூல் விவகாரம் வெளிவரக்கூடும். அதை ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்திடம் கொண்டுபோகலாம். ஆனால் சம்பந்தப்பட்ட வியாபாரி ஒத்துக்கொள்ளாமல் அவர் பெயரை எழுதவேண்டாம். நாம் வீட்டுக்குள் போய்விடுவோம், அவர் மறுநாளும் அதே தெருவில் நிற்கவேண்டும்.

பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து, பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஆவணத்தைக் கேளுங்கள். கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், வழங்கிய சான்றிதழ்களின் எண்ணிக்கை, விற்பனைக் குழுவின் கூட்டக் குறிப்பு, என் மனுவின் மேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்பு என்று வரிசையாகக் கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

நிரந்தரக் கட்டுமானங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பொதுவழியிலுள்ள இடையூற்றை நீக்கக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவிட, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவாக இருந்து இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152 ஆக உள்ள பிரிவு இடம் தருகிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகர மக்கள் திறந்த சாக்கடைக்கு எதிராக இந்தப் பழைய பிரிவைத்தான் பயன்படுத்தினார்கள். பணமில்லை என்ற நகராட்சியின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 1980 இல் ஏற்க மறுத்தது.

உயர் நீதிமன்றப் பொதுநல வழக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மெரினாவை ஒட்டிய லூப் சாலையில் போக்குவரத்துக்கு இடையூறு என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கை அடுத்து, 2023 ஏப்ரலில் மீன் கடைகள் அகற்றப்பட்டன. சாலை வருவதற்கு முன்பே இருந்த குப்பங்கள் எங்களுடையவை என்று மீனவர்கள் சாலையிலேயே போராடினார்கள். அவர்களுக்கான நவீன மீன் சந்தை 2024 இல்தான் திறக்கப்பட்டது. மாற்றிடம் முதலில், அகற்றுதல் பிறகு என்ற வரிசை தலைகீழானால் என்ன நேரும் என்பதற்கு அது அண்மைக்காலச் சான்று. வழக்குத் தொடுத்தே ஆகவேண்டும் என்றால், வியாபாரிகள் சங்கத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து அவர்கள் தரப்பும் கேட்கப்படும்படி செய்யுங்கள்.

எங்கள் தெருவில் இப்போது நடைபாதையின் உள்பக்கம் ஆறு அடி நடப்பதற்கு, சாலையோரம் நான்கு அடி வண்டிகளுக்கு என்று மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். கோடு போட்டு முடிய ஒன்றே கால் வருடம் ஆயிற்று. தகரக் கூரை போய்விட்டது. படி பாதிதான் போயிருக்கிறது, மீதிக்கு அடுத்த மனு தயாராகிறது. மழைக்குப் பிறகு கோடு அழிந்துவிடுகிறது என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாவோடு போய் அளந்து, குறைந்திருந்தால் பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புகிறோம்.